சீட்டில் ஏறாத கரிச்சி

அருள்,

உன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று நீ அச்சடித்திருக்கும் ஆள் என் உடன்பிறந்தவர் இல்லை. ‘தங்கச்சிமடம் திரு. சேவியர், விசைப்படகு உரிமையாளர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறாய். சேவியர் உன் அய்யாவோடு சேர்ந்து தொழில் செய்கிறவர். நல்ல மனிதர், அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரும் நானும் ஒரு வயிற்றில் பிறக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். பெயர் முனியசாமி. நயினார்கோவில் பக்கத்தில் சீமைக்கருவேலம் வெட்டி, மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். அவர் பெயர் பத்திரிகையில் எங்கேயும் இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கி வரி வரியாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

படம் என்று சொல்கிறேன், ஏனென்றால் பத்திரிகையை நீ என் கையில் கொண்டுவந்து தரவில்லை. முயல் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். நானும் அதில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாய் போல. அன்று அக்காள்மடம் வீட்டுக் கொல்லையில் உன் முயல்களுக்கு அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடு போனை எடுத்தேன். கீழே ஆளாளுக்கு ‘வாழ்த்துகள் தம்பி’ போட்டிருந்தார்கள். நானும் பெற்றவளாக இல்லாமல் குழுவில் ஒரு ஆளாக இருந்து அதைப் படித்தேன். மூன்று நாள் முன்பு இதையே சுருக்கமாக எழுதி உனக்கு மட்டும் அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாகின, பதில் வரவில்லை. அதனால் பத்திரிகை கிடக்கிற அதே குழுவில் இதையும் போடுகிறேன். ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொய்யை நீ போட்டாய். உண்மை மட்டும் ஏன் உன் காதோடு நிற்க வேண்டும்?

படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையைப் பார்த்ததும் உனக்குப் போன் போட்டேன். “சேவியர் எப்படா எனக்கு அண்ணன் ஆனாரு?” என்று கேட்டேன். “அது ஒரு இதுக்கும்மா” என்றாய். “எதுக்கு?” என்றேன். “பொண்ணு வீட்டுல தாய்வழி யாருன்னு கேக்குறாங்கம்மா. மண்டபத்துல மேடைக்குக் கூப்பிடணும், மால போடணும், போட்டோ எடுப்பாங்க. மாமாவ அங்கன எப்பிடிம்மா?” என்றாய். எப்படி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமாட்ட நீயே பக்குவமாச் சொல்லிரும்மா. கல்யாணம் சின்னதா வச்சிருக்கோம், பெறகு நாங்க ரெண்டு பேரும் வந்து பாக்குறோம்னு சொல்லு” என்றாய். அந்தப் ‘பக்குவமா’ என்ற சொல் இன்னும் என் தொண்டையில் மீன் முள் போல நிற்கிறது.

உன் காது மடலைத் தொட்டுப் பார். இரண்டு பக்கமும் ஒரு ஓட்டை தூர்ந்து கிடக்கும். ஓரியூர் கோயிலில் உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். உனக்கு ஒரு வயது முடியவில்லை. முனியசாமி மாமன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். முந்தின நாள் முழுக்க மூட்டத்தில் நின்றவர், விடியுமுன் எழுந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்து வந்திருந்தார். அப்படியும் நகக்கண்ணில் கரி இருந்தது. ஆசாரி கம்பியைக் கொண்டுவந்ததும் நீ அலறி அவர் வெள்ளை வேட்டியை நனைத்துவிட்டாய். “பரவால்லத்தா, மருமகன் மொத மொய்ய எழுதிட்டாரு” என்று சிரித்தார். கண்காட்சியில் காதில் பச்சை குத்திய எண்ணும் கையில் இருக்கிற வம்சச் சீட்டும் பொருந்தவில்லை என்றால் முயலை மேசையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று குழுவில் எல்லாருக்கும் பாடம் எடுப்பவன் நீ. உன் காதும் உன் சீட்டும் பொருந்தவில்லை, அருள்.

இதில் உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாக உட்கார முடியாது. பெயரை மாற்றும் தொழிலை இந்த வீட்டில் தொடங்கியவள் நான். எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரே பெயர், காலனி. குளத்தில் எங்களுக்குத் தனிப் படித்துறை. படிப்பு நின்றதும் மண்டபம் ஊரில் ஒரு நண்டுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. அங்கே நண்டு கொண்டுவந்து இறக்கியவர்தான் உன் அய்யா. அவரிடம் மறைக்கவில்லை. அவர் வீட்டாரிடம் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தோம். ஞானஸ்நானம் வாங்கினேன், பெயர் மாறியது. ஊர் எது என்று கேட்டவர்களுக்கு “ராமநாதபுரம் டவுன்” என்றேன். டவுனில் எங்கே என்று கேட்டால் இருமினேன். என் கல்யாணத்துக்கு வந்த அண்ணனை ‘எங்க வீட்டுக்கு வேண்டப்பட்டவர்’ என்றுதான் மாமியாரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உண்மை பிறகு தானாக வெளியே வந்தது, மாமியார் ஒரு வருஷம் நான் தொட்ட குடத்தில் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்காக அழுதேன். கடைசி இலைக்காக அழவில்லை. அந்த அழுகையை நான் இருபத்தாறு வருஷமாகத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

முயலுக்கு வருவோம். நீ பத்தாவது படிக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி டச்சு முயல் வாங்கி வந்தாய். முகத்தில் நடு நெற்றியிலிருந்து வெள்ளை இறங்க வேண்டும். கழுத்தும் நெஞ்சும் வெள்ளை, இடுப்புக்குப் பின்னால் கறுப்பு. இரண்டும் சேரும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். பின்னங்கால் நுனியில் வெள்ளைச் சாக்ஸ். வெள்ளையில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி இருந்தாலும் அது போட்டிக்கு ஆகாது. இதை எல்லாம் நீ எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தாய். கூண்டு செய்யத் தெரியாமல் முழித்தபோது மாமன் வந்தார். கருவேலங்கம்பைச் சீவி, கம்பி வலை அடித்து, மூன்று நாள் தங்கி ஆறு கூண்டு செய்து கொடுத்தார். இன்றைக்கும் உன் ‘பார்ம்’ என்று நீ படம் பிடித்துப் போடுவது அந்தக் கூண்டுகளைத்தான்.

பெங்களூர் முயலுக்கு நம் கடற்கரை வெயில் ஆகவில்லை. சித்திரையில் ஆண் முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். உன் அய்யா படகிலிருந்து மீன் ஐஸைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார், அதைக் கூண்டுக்குள் வைத்தால் முயல்கள் அதை ஒட்டிப் படுக்கும். வீடு முழுக்க மீன் வாடையும் முயல் மூத்திர வாடையும் சேர்ந்து அடிக்கும். ரோசி என்று நீ பெயர் வைத்த அந்தப் பெண் முயல் இரண்டு தடவை குட்டி போட்டது. முதல் தடவை பெட்டிக்குள் போகாமல் கம்பிமேல் போட்டு, குட்டிகள் விறைத்துச் செத்தன. இரண்டாம் தடவை பாதியைத் தின்றுவிட்டது. நீ சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். அப்போதுதான் மாமன் ஒரு சாக்குப் பைக்குள் அந்தக் கறுப்பு முயலைக் கொண்டுவந்தார். நயினார்கோவில் சந்தையில் நிறைசினையாக வாங்கியது. உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கில் கொஞ்சம் வெள்ளை, ஒரு காலில் கொஞ்சம் வெள்ளை. என்ன சாதி முயல் என்று கேட்டாய். “மொசலுக்கு என்னலே சாதி? பேரு கரிச்சி. பிள்ள வளக்கத் தெரிஞ்சது. உங்க பெங்களூரு மகாராணி மாதிரி பெத்தத திங்காது” என்றார்.

அவர் சொன்னது போலத்தான் இருந்தது. கரிச்சி குட்டி போடும் முன்பே தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போட்டுவிடும். ரோசி மிச்சம் வைத்த இரண்டு குட்டிகளையும் தன் குட்டிகளோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தது. அடுத்து உன் டச்சு ஆண் முயலோடு கரிச்சியைச் சேர்த்தாய். விளையாட்டாகத்தான் சேர்த்தாய். ஏழு குட்டி. அதில் ஒன்று, நீயே நம்பவில்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அடையாளத்தோடு பிறந்தது. பிரின்ஸ் என்று பெயர் வைத்தாய். மதுரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாய். கொண்டுபோக வேண்டுமென்றால் மூன்று தலைமுறைக்குப் பெடிகிரி என்கிற வம்சச் சீட்டு வேண்டும். தகப்பன் பக்கத்துக்கு இருந்தது. தாய் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய்.

“அம்மா, இது கரிச்சி குட்டில்ல?”

“ரோசின்னு எழுது.”

“தப்பும்மா.”

“எழுதுடா. மொசலு வாயத் தெறந்து சொல்லப் போவுதா?”

நீ எழுதினாய். உன் கையெழுத்து அழகாக இருக்கும். எனக்கு அந்த நேரம் உறுத்தவே இல்லை. அன்றைக்கு நான் உனக்கு ஒரு முயல் சீட்டு எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. பெற்றவள் கட்டத்தில் வேறு பெயரை எழுதினால் வானம் இடிந்து விழாது என்று கற்றுக்கொடுத்தேன். நீ நல்ல மாணவன். கற்றதை விடவில்லை.

கண்காட்சிக்கு நானும் வந்தேன். மண்டபத்தில் வரிசையாக மேசை, மேசைமேல் கம்பளம். வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர் ஒவ்வொரு முயலாகத் தூக்கி மல்லாத்தினார். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். காலைப் பிரித்து நகத்தைப் பார்த்தார். முடியைப் பின்பக்கமாகத் தடவி ஊதினார், வாலைத் தூக்கினார். இடது காதில் பச்சை குத்திய எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். முயல் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடத் தோன்றியது, ஏன் என்று அப்போது புரியவில்லை. பிரின்ஸுக்கு முதல் பரிசு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். மதுரையில் பெரிய முயல் பண்ணை வைத்திருப்பவர், இன்று உனக்கு மாமனார் ஆகப் போகிறவர். “தம்பி, தாய் எது?” என்றார். “ரோசி சார், பெங்களூர் லைன்” என்றாய், கண் இமைக்காமல். அவர் தலையாட்டினார். “அதான பாத்தேன். ரத்தம் பேசுதுல்ல” என்றார்.

அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு ஆட்கள் முயல் பார்க்க வரத் தொடங்கினார்கள். குட்டி பிறந்த அன்றே தோலில் கறுப்பும் வெளுப்பும் தெரிந்துவிடும். நீ காலையில் பெட்டியைத் திறந்து, கோடு கோணலான குட்டிகளை, வெள்ளையில் புள்ளி விழுந்த குட்டிகளைப் பொறுக்கி ஒரு எண்ணெய் டின்னில் போடுவாய். கண் திறக்காத குட்டிகள். கடற்கரையில் கொண்டுபோய்க் கொட்டுவாய், காக்கை பார்த்துக்கொள்ளும். நல்ல குட்டிக்குப் பால் மிஞ்சட்டும் என்று உன் அய்யாவிடம் உனக்காக நான் பேசினேன். ஒரு நாள் நீ ஊரில் இல்லாதபோது அந்த டின்னை நானே தூக்கிக்கொண்டு போனேன். டின் லேசாகக் கதகதப்பாக இருந்தது. அதையும் செய்தேன், வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோறு வடித்தேன்.

இனிச் சொல்லப்போவதை நானும் நீயும் மட்டும் அறிவோம். மதுரைக்காரர் முதல் தடவை நம் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அன்று காலையில் நீ கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்தக் கரிச்சி இங்கன இருந்தா நம்ம லைன் மேலயே சந்தேகம் வரும்” என்றாய். பக்கத்து வீட்டில் விட்டுவைக்கலாம் என்றேன். “வயசாயிருச்சும்மா, எதுக்கு” என்றாய். நீ அறுத்தாய், நான் சமைத்தேன். முதிர்ந்த கறி, வேகவே இல்லை. குக்கரில் திரும்பத் திரும்ப விசில் விட்டேன். மதுரைக்காரர் பிரின்ஸை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, பிரின்ஸின் தாயைச் சாப்பிட்டார். “கறி பிரமாதம்மா, இது எந்த பிரீடு?” என்று கேட்டார். “நாட்டு முயல் சார்” என்று நீ சிரித்தாய். அவர் எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டேன். அன்றிலிருந்து நான் முயல் கறி தொடுவதில்லை. தொடாமல் இருந்தால் பாவம் குறையும் என்று சொல்லவில்லை, தின்ன வாய் திறக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

மதுரைக்காரரே, நீங்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். பிரின்ஸைப் பொலிக்கு, இனம் பெருக்க, வாங்கிப் போனீர்கள். பிறகு அவன் குட்டிகளில் இரண்டு பெண் முயல்களையும் வாங்கிப் போனீர்கள். அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்களுக்குப் பரிசு வாங்கித் தந்துகொண்டிருக்கின்றன. உங்கள் கூண்டுகளில் ஓடுவது பெங்களூர் ரத்தம் இல்லை. கரி அள்ளுகிற கையால் சாக்கில் கட்டிக் கொண்டுவந்த நயினார்கோவில் சந்தை ரத்தம். பேசுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் பேசியது. எங்களிடம் குட்டி வாங்கிய மற்றவர்களும் உங்கள் சீட்டில் ரோசி என்று இருக்கும் இடத்தை அடித்துவிடுங்கள். இதனால் எங்கள் பண்ணையின் பெயர் கெடும். கெடட்டும். அதைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு பொய்யாகச் சேர்த்துக் கடைசியில் என் அண்ணன் வரைக்கும் வந்துவிட்டோம்.

கண்காட்சியில் பிரின்ஸ் ஜெயித்ததைக் கேள்விப்பட்டு மாமன் வந்தது உனக்கு நினைவிருக்கும். கையில் பனங்கிழங்குக் கட்டு. வாசலிலிருந்தே, “ஏலே மருமகனே, எங்க கரிச்சி பிள்ளயா கப்பு வாங்குனது?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். உள்ளே உன் கண்காட்சிச் சிநேகிதர்கள் இருந்தார்கள். “இல்ல மாமா, அது வேற” என்றாய். “அப்ப கரிச்சி எங்க?” என்றார். “செத்துப்போச்சு மாமா” என்றாய். அவர் காலிக் கூண்டைப் பார்த்தார். “நல்ல சீவன்” என்றார். அப்புறம் நீ எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாய். சிநேகிதர்களுக்குச் சில்வர் டம்ளர். மாமனுக்கு ஒரு பேப்பர் கப். வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமில்லை, அலமாரியில் ஒரு டஜன் கவிழ்ந்து கிடந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், நம் வீட்டுக் குப்பைக்கூடையில்கூடப் போடவில்லை. அன்றைக்கே உன் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. வைக்கவில்லை. சிநேகிதர்கள் முன்னால் பிள்ளைக்கு அவமானம் என்று நினைத்தேன். அவமானம் யாருக்கு நடந்தது என்று எனக்கு அப்போதும் தெரியும்.

போன மாதம் கல்யாணம் பேச மதுரைக்காரர் குடும்பத்தோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, பொதுவாகப் பேசுகிறவர் போல, “தாய்வழி எல்லாம் எங்க இருக்காங்க?” என்றார். கண்காட்சி மண்டபத்தில் பிரின்ஸின் தாயைக் கேட்ட அதே குரல். நான் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றேன். நீ என் பக்கம் திரும்பாமல், “மாமா தங்கச்சிமடத்துல போட் ஓனர்” என்றாய். பெண்ணின் பெரியம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். என் நிறத்தை, என் கை நகத்தை, சிரித்தபோது என் பல்லை. வெள்ளைக் கோட்டு ஒன்றுதான் குறை. கண்காட்சி மண்டபத்திலிருந்து எனக்கு ஏன் ஓடத் தோன்றியது என்று அப்போது புரிந்தது. அப்போதும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

இரவு உன் அய்யாவிடம் கேட்டேன். கடலில் சுழல்காற்றுக்குப் பயப்படாத மனிதர், வலையைப் பார்த்துக்கொண்டே, “விடு, ஒரு நா கூத்து. பய நல்லாருந்தாப் போதும்” என்றார். “ஒங்க அண்ணன மறைச்சு வேற ஆளச் சொல்லிருந்தா விடுவீகளா?” என்றேன். வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிழிசலைத் தேடினார். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே வியாதி.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சம்பாதிப்பது, விட்டுக்கொடுப்பது எல்லாம் உன் அய்யா சொல்வார். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். உனக்குப் பிள்ளை பிறக்கும். துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். முதல் நாள் அதன் தோலைப் பார்க்காதே. முயல் பெட்டியைத் திறந்து பார்க்கிற கண்ணோடு பார்க்காதே. அது என் நிறத்தில் இருக்கலாம். மாமனுடைய அகன்ற மூக்கோடு இருக்கலாம். நீ எந்தச் சீட்டில் எதை எழுதினாலும் அது வரும், கேட்காமல் வரும், பிரின்ஸ் வந்த மாதிரி. அன்றைக்கு உன் மாமனார் வீட்டார் அதை மல்லாத்திப் பார்ப்பார்கள். அப்போது நீ யார் பக்கம் நிற்பாய்? உன் மனைவியாக வரப்போகிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றால், தாலி கட்டுமுன் அவளுக்குத் தெரிய வேண்டும். நான் ராமநாதபுரம் டவுன் என்று சொல்லி வாழ்ந்த முதல் வருஷம் எப்படி இருந்தது என்று அவள் என்னிடம் கேட்கட்டும், சொல்கிறேன்.

நீ சொன்ன அந்தப் பக்குவமான வேலையை நான் செய்யப்போவதில்லை. நேற்றுக் காலை அண்ணன் போன் பண்ணினார். பின்னால் மரம் அறுக்கும் மெஷின் சத்தம். “ஏத்தா, பத்திரிக்க இன்னும் வரலியே, தபால்ல போட்டியளா?” என்றார். அனுப்புகிறேன் என்றேன். “சரி, அது கெடக்கு. மருமகனுக்குப் பட்டு வேட்டி சட்ட எடுத்துட்டேன். மோதிரம் சொல்லியாச்சு. மால மதுரையிலயே வாங்கிக்கலாம்னு சொல்றாய்ங்க. தெருவுல எல்லாரும் வாரேன்னுட்டாக. வேன் பேசிருக்கேன். மூட்டத்த அன்னைக்கு ஆற வச்சிருவேன், கரி வாட இல்லாம வாரோம்த்தா, நீ ஒண்ணும் கவலப்படாத” என்றார். கரி வாடை இல்லாமல் வருகிறாராம். எதை நினைத்து அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பேப்பர் கப்பை அவர் மறக்கவில்லை. மறக்காமலும் அவர் வேட்டி எடுத்திருக்கிறார்.

அவர் பெயரோடு பத்திரிகையை மறுபடி அச்சடி. முடியவில்லை என்றால் இந்தக் குழுவிலேயே, இந்தக் கடிதத்துக்குக் கீழே, ‘என் தாய்மாமன் முனியசாமி’ என்று உன் கையால் ஒரு வரி எழுது. அதற்குப் பிறகு அவருக்கு நீயே போன் பண்ணு. மேடையில் அவர் கையால் மாலை விழும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். அவர் நிற்காத மேடையில் எனக்கு இடம் வேண்டாம். சேவியருக்கு ஒரு தங்கச்சியையும் நீயே தேடிக்கொள். ஒரு தாய்மாமனைத் தேடியவனுக்கு அது கஷ்டமில்லை.

போனை வைக்கும் முன்பு அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டார். “மருமகன்ட்ட கேட்டுச் சொல்றேண்ணே” என்றேன். உடனே உனக்குப் போன் போட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. மதியம் போட்டேன், மாலையில் போட்டேன். அவர் கேட்டதைக் குழுவில் எல்லாருக்கும் முன்னால் திரும்பக் கேட்கிறேன். நயினார்கோவிலிலிருந்து உன் தாய்மாமன் வருகிற வேன் எத்தனை மணிக்கு மண்டபத்து வாசலில் வந்து நிற்க வேண்டும்? நீ சொல்.